பூட்டிக் கிடந்த லயம்: மணவாழ்க்கைக் கணக்கெடுப்பில் தொலைந்த ஒரு பெண்

மூன்றாம் சுற்றில் அந்த வீட்டுக்கு நேரே எங்கள் களப்பணியாளர் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: "வீடு பூட்டு." பக்கத்துக் கட்டத்தில் காரணம், "ஊர் மாறிவிட்டார்கள்." மூன்று முறை போய்ப் பார்த்ததற்கு மூன்று டிக். விதிமுறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. மேற்பார்வையாளர் என்ற முறையில் நானும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிட்டேன். அந்தக் கையெழுத்து தப்பு என்று தெரிய ஐந்து வாரம் ஆனது.

இது கல்யாணமான பெண்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சந்தித்து, சேர்ந்திருக்கிறார்களா, பிரிந்துவிட்டார்களா, மறுபடி கட்டினார்களா என்று கேட்டுவரும் தொடர் கணக்கெடுப்பு. இடம் வண்டிப்பெரியாறு, குமுளி சுற்றுவட்டாரம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான், ஆனால் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பேச்சு தமிழ். கொரோனாவால் மூன்றாம் சுற்று தள்ளிப்போய், இரண்டு வருட இடைவெளி நான்கு வருடத்தை நெருங்கிவிட்டது. தோட்டத்தின் பெயரும் கணக்கெடுப்பை நடத்திய நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

லயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் சின்னத் திண்ணை. அந்த வீடு தொழிலாளியின் சொந்தம் இல்லை, வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. தோட்டத்துப் பேரேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வீடு. 58 வயதில் ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பம், போடி, தேவாரம் என்று கீழே தமிழ்நாட்டில் இருக்கும் சொந்த ஊருக்கு இறங்குபவர்கள் உண்டு. ஊர் என்று ஒன்றே இல்லாமல் போனவர்களும் உண்டு. 2000-க்குப் பிறகு பீர்மேடு பக்கம் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது வரிசை வரிசையாக லயங்கள் காலியாயின. அதனால் இந்த வட்டாரத்தில் "வீடு பூட்டு" என்ற பதிவு யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கும் உறுத்தவில்லை.

இந்த வீட்டின் பேரேட்டில் இருந்தது மாமியார் பெயர். அவர்தான் நிரந்தரத் தொழிலாளி. மருமகள் தற்காலிகமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் கீழேயிருந்து வந்து போகும் பெயின்டர். முதல் சுற்றில் மூவரும் ஒரே வீட்டில். இரண்டாம் சுற்றில் கணவர் இல்லை. "திருப்பூர்ல வேலையா இருக்காரு" என்று மருமகள் சொல்ல, "மணமானவர், கணவர் வேலைக்காக வெளியூரில்" என்று பதிவாகியிருக்கிறது. மூன்றாம் சுற்றில் பூட்டு.

ஐந்தாம் வாரம், கைவிட்ட தாள்களுக்கு கடைசியாக ஒருமுறை போன் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. முதல் சுற்றில் கொடுத்த எண் அப்படியே இருந்தது. எங்கள் களப்பணித் தம்பி ஒருவன் கூப்பிட்டான். எடுத்தது ஆண் குரல்.

"நாங்க சர்வேல இருந்து பேசுறோம்ணே. முன்னாடி லயத்துல வந்து பேசினோம். அக்கா இருக்காங்களா?"

"எந்த சர்வே? அவ எங்கிட்டு இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா? அட்ரஸ் இருக்கா?"

தம்பி பதில் சொல்லாமல் வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, இது ஊர் மாறிய கதை இல்லை. இரண்டு, நாம் தேடுகிற ஆளை இன்னொருவரும் தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு நாமே வழி காட்டிவிடக் கூடும்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்வதில்லை. விட்டுப்போனவர்களை எப்படியாவது பிடி, அக்கம்பக்கத்தில் கேள், உறவுக்காரர்களிடம் விசாரி என்றுதான் சொல்லித் தருகிறார்கள். வேறு விஷயத்துக்கான கணக்கெடுப்பு என்றால் அது நல்ல ஆலோசனை. மணமுறிவைப் பற்றிய கணக்கெடுப்பில் மட்டும் நாம் கேட்கும் வாசல் யாருடைய வாசல் என்பதைப் பார்த்துத்தான் கதவைத் தட்ட வேண்டும். கணவர் வீட்டுப் பக்கம் "அந்த அக்கா எங்க?" என்று கேட்டாலே அது ஒரு செய்தி ஆகிவிடும். அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்: இந்தத் தாளில் இனி யாரும் போன் போட வேண்டாம்.

அப்புறம் நானே லயத்துக்குப் போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. இங்கே முன்பு சர்வேக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ளையத் தேடித்தான வந்துருக்க? கெழவி ரிட்டயர்டாகி கீழ போயிட்டா. இவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல வர்றாளாம். வேற யாருகிட்டயும் சொல்லாத தாயி."

தொலைந்துபோனவர் என்று நாங்கள் முடிவுகட்டிய பெண், தினமும் காலையில் தமிழ்நாட்டிலிருந்து கம்பம்மெட்டு வழியாக அதே இடுக்கி மாவட்டத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

கம்பத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஜீப்புகளைத் தெரியும். இருட்டு விலகும் முன்னே தெருமுனைகளில் நின்று ஆள் ஏற்றும். தலைத்துண்டு, தூக்குவாளி, மடித்த சாக்கு, இடுப்பில் சொருகிய வெற்றிலைப் பை. கணக்குக்கு மேல் ஆள் ஏறும் என்பதும் ஊரறிந்த விஷயம். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஆள் சேர்த்துவிடும் ஒரு அக்கா இருப்பார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். எங்கள் கணினியில் இருந்ததைவிட நல்ல பதிவேடு அது.

அந்த அக்காவிடம் விஷயம் என்னவென்று சொல்லவில்லை. "பழைய லயத்துல பேசின மேடம்னு சொல்லுங்க, இஷ்டம் இருந்தா இந்த நம்பருக்கு கூப்பிடட்டும், இல்லன்னா பரவால்ல" என்று ஒரு சீட்டைக் கொடுத்தேன். சீட்டில் எண் மட்டும். நிறுவனத்தின் பெயர் இல்லை, கல்யாணம் என்ற சொல்லும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு மிஸ்டு கால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன இடத்தில், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். படிவத்தை நான் வெளியே எடுக்கவில்லை. பேசி முடித்தபின் அவர் அனுமதியோடு வீட்டில் எழுதிக்கொண்டேன். விதிமுறைக்கு இது விலக்கு. விலக்கு என்று குறித்தே வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதுதான்: "போன தடவ ஒங்க தம்பி வந்தப்பவே அவரு இல்ல மேடம். மாமியா பக்கத்துலயே ஒக்காந்துருந்தாங்க. என்னத்தச் சொல்றது? திருப்பூர்ல வேலைன்னு சொல்லிட்டேன்."

அதாவது பிரிவு நடந்தது இரண்டாம் சுற்றுக்கும் முந்தி. மூன்றாம் சுற்றில் அந்த வீட்டைப் பூட்டோடு பார்த்தபோது நாங்கள் ஒரு ஆளை இழந்தோம் என்று நினைத்தோம். உண்மையில் அவரை இழந்தது முந்தின சுற்றில், ஆள் எதிரிலேயே உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது. முதலில் பதில் விட்டுப்போகிறது, பிறகுதான் முகவரி விட்டுப்போகிறது. நாங்கள் இரண்டாவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். (பேட்டிக்கு நன்றியாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவும் மாமியாரிடம்தான் இருக்கிறதாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.)

அடுத்த சிக்கல் தேதி. இந்த வகை ஆய்வில் "பிரிந்தார்களா" என்பதோடு "எப்போது" என்பதும் வேண்டும். எத்தனை வருடம் சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் கணக்கின் உயிர். அவருக்கு மாதம் நினைவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஊரே மறக்காத நாட்களை நட்டுவைத்துக் கேட்பது வழக்கம். 2018 ஆகஸ்டில் இடுக்கி அணையின் ஷட்டரை 26 வருடத்துக்குப் பிறகு திறந்தார்களே, அதற்கு முந்தியா பிந்தியா? முந்தி. அந்த வருடத்துப் பொங்கலுக்குக் கணவர் வீட்டில் இருந்தாரா? இருந்தார், சண்டையோடு. ஸ்கூல் திறந்தபோது? இல்லை, நோட்டுப் புத்தகம் நான்தான் வாங்கினேன். ஆக பொங்கலுக்கும் ஜூனுக்கும் நடுவில். பிறகு இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி "அத்து விட்டது", அதாவது உறவை முறித்துவிட்டது, மழைக்கு அப்புறம். கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை.

இதில் எது மணமுறிவுத் தேதி? இந்து திருமணச் சட்டம் 1955-இன் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தை முற்றிலும் ஒதுக்கவில்லை, ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அது வக்கீல் வேலை. நாங்கள் இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பதிந்து, ஆய்வுக்கு முதல் தேதியை, அதாவது சேர்ந்திருப்பது நின்ற தேதியை, எடுத்துக்கொண்டோம். கோர்ட்டுத் தீர்ப்பை மட்டும் எண்ணினால் இந்தியாவில் கணக்கே உதைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்பவர்கள் என்று தனியாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ அதைப்போல இரண்டரை மடங்கு. தேசியக் குடும்ப நல ஆய்வு, "பிரிந்தவர்" என்பதோடு "கைவிடப்பட்டவர்" என்றும் ஒரு கட்டம் வைத்திருக்கிறது. இந்தப் பெண் எந்தக் கட்டம் என்று அவரையே கேட்டேன். "நான் ஒண்ணும் கைவிடப்படல மேடம், நாந்தான் போடான்னு விட்டேன்" என்றார். பிரிந்தவர் என்று எழுதினேன்.

சரி, ஒரு ஆளைக் கண்டுபிடித்ததால் என்ன ஆகிவிடும்? வெறும் உதாரணக் கணக்கு ஒன்று. நூறு ஜோடிகளோடு தொடங்குகிறோம். ஐந்து வருடம் கழித்து 80 ஜோடிகள் கிடைக்கிறார்கள், அதில் 4 பிரிந்திருக்கிறார்கள். எல்லாரும் உடனே 5 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம், காணாமல்போன 20 பேரும் கிடைத்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்பது. அந்த 20 பேரில் ஒருவரும் பிரியவில்லை என்றால் விடை 4, அத்தனை பேரும் பிரிந்துவிட்டார்கள் என்றால் 24. நேர்மையாகச் சொன்னால் நம் கையில் இருப்பது 4-க்கும் 24-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண். இப்போது அந்த 20 பேரில் 10 பேரைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, பணத்தையும் நேரத்தையும் அவர்கள்மேல் மட்டும் கொட்டி, பத்துப் பேரையும் கண்டுபிடிக்கிறோம். 3 பேர் பிரிந்திருக்கிறார்கள். மிச்சம் பத்திலும் 3 என்று வைத்தால் மொத்தம் 10. ஐந்து என்று அச்சேறியிருக்க வேண்டிய எண் பத்தாகிவிட்டது. பதில் கிடைக்காதவர்களில் ஒரு சிறு மாதிரியை விடாமல் துரத்தும் இந்த யோசனை புதிதல்ல. ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1946-இலேயே எழுதிவிட்டார்கள். எல்லாரையும் அரைகுறையாகத் தேடுவதைவிடச் சிலரை முழுசாகத் தேடுவது மேல் என்ற இந்தப் பாடத்தை நான் அனுபவத்தில்தான் நம்பினேன்.

கணினியில் இருப்பவர்கள் இதற்கு வேறு பதில் வைத்திருப்பார்கள். கப்ளானும் மையரும் 1958-இல் கொடுத்த முறைப்படி, காணாமல்போனவரைக் கடைசியாகப் பார்த்த நாள்வரை கணக்கில் வைத்து, அதோடு விட்டுவிடலாம். "சென்ஸார்" செய்வது என்பார்கள். அழகான முறைதான், ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஆள் காணாமல்போனதற்கும் நாம் எதிர்பார்க்கும் நிகழ்வுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. மருந்து ஆய்வில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போனால் அது பொருந்தலாம். மணவாழ்க்கை ஆய்வில் பிரிவுதானே பல பேரை வீட்டைவிட்டு வெளியே தள்ளுகிறது! இந்தத் தாளையே எடுங்கள். இரண்டாம் சுற்றுவரை "மணமானவர்", அதற்குமேல் தெரியாது என்று கணினி படித்திருக்கும். முறிந்துபோன ஒரு கல்யாணம் எங்கள் தரவில் நிலைத்து நின்ற கல்யாணமாக ஒரு வருடத்துக்கும் மேலே வாழ்ந்திருக்கும்.

கிடைத்தவர்களுக்கு எடை கூட்டிப் போடும் முறையும் உண்டு. காணாமல்போகக் கூடிய சாயல் உள்ளவர் ஒருவர் கிடைத்தால், அவரை இரண்டு பேராக எண்ணுவது போல. ரூபின் 1976-இல் பிரித்துக்காட்டிய வேறுபாடு இங்கேதான் வேலை செய்கிறது: நம் கையில் உள்ள விவரங்களை வைத்தே விடுபடலை விளக்க முடிந்தால் எடை உதவும், நாம் பார்க்காத ஒன்று காரணம் என்றால் உதவாது. நாங்கள் வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டிருந்தோம். வீடு யார் பெயரில், போன் யார் பெயரில், பேட்டியின்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கேட்கவில்லை. இந்தப் பெண் தொலைந்ததற்குக் காரணம் அந்த மூன்றும்தான்.

நான் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கெடுப்பையும் சந்தேகிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எதிர்ச்சான்றும் உண்டு. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய வருமான இயக்கத் தொடர் ஆய்வு, 1989-க்குள் முதல் மாதிரியில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்திருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு, காட்ஷாக், மொஃபிட் மூவரும் 1998-இல் அதை அலசினார்கள். மணவாழ்க்கை நிலையில்லாதவர்களும் அடிக்கடி இடம் மாறுபவர்களும்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள் என்பது உண்மையென்று தெரிந்தது, ஆனால் ஒட்டுமொத்த முடிவுகள் பயந்த அளவுக்குக் கெடவில்லை என்றும் கண்டார்கள். அதற்கு ஒரு காரணமாக நான் நினைப்பது அந்த ஆய்வின் விதியை: தம்பதி பிரிந்தால் இருவரையும் தனித்தனியாகப் பின்தொடர்வது. அங்கே பின்தொடர்வது ஆளை, வீட்டை அல்ல. அமெரிக்காவிலேயே 1987-88-இல் 13,007 பேரோடு தொடங்கிய குடும்பங்களுக்கான தேசிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாம் சுற்றில் பிரிந்துபோன பழைய துணையையும் தேடிப் பேட்டி எடுத்தது.

நம் நாட்டு மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05-இல் 41,554 வீடுகளோடு தொடங்கி, 2011-12-இல் அவற்றில் 83 சதவீதத்தை மறுபடி சந்தித்தது. இந்தியா முழுக்க அது சாதாரண வேலையில்லை. பிரிந்துபோன கிளைக் குடும்பங்கள் அதே ஊரில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நம்மூரில் கல்யாணம் முறிந்த பெண் அதே ஊரில் இருப்பது அபூர்வம். ஆத்தா வீடு பெரும்பாலும் இன்னொரு ஊர், இங்கே இன்னொரு மாநிலம்.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கத்து நேபாளத்தில் சித்வன் பள்ளத்தாக்கில் 1996 முதல் நடந்துவரும் ஆய்வு. மாதாமாதம் வீட்டுப் பதிவேடு எடுத்தார்கள்: யார் வந்தார், யார் போனார், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை. வெளியூர் போனவர்களையும் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பூட்டைப் பார்ப்பதற்கும் அடுத்த மாதமே "அந்த மருமகள் எங்கே" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எங்களுக்கு மாதாமாதம் போகக் காசு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெண்ணின் சொந்த எண்ணுக்கு மட்டும் நலம் விசாரிக்கும் போன் என்று பேசி முடிவு செய்தோம். வேறு யாராவது எடுத்தால் "ராங் நம்பர்ணே" என்று வைத்துவிட வேண்டும். தம்பிகள் இதில் தேறிவிட்டார்கள்.

படிவத்திலும் மாற்றம் வந்தது. தொடர்புக்கு முன்பு ஒரே ஒரு ஆள் பெயர் கேட்போம், அது எப்போதும் கணவர் பக்கத்து ஆளாகவே இருந்தது. இப்போது பெண்ணின் பக்கத்திலிருந்து ஒருவர் கட்டாயம், அவரும் பெண்ணே சொல்லும் ஆளாக இருக்க வேண்டும். பேட்டியின்போது பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுத ஒரு கட்டம். "கணவர் வெளியூரில்" என்றால் அதோடு விடாமல், கடைசியாக எப்போது வந்தார், எப்போது பணம் அனுப்பினார் என்று இரண்டு கேள்வி, அதுவும் தனியாக இருக்கும்போது. அக்கம்பக்கத்தார் "அவங்க பிரிஞ்சுட்டாங்க" என்று சொன்னால் அதை நிகழ்வாக எழுதுவதில்லை, தகவல் என்று தனியே குறிப்பதோடு சரி. "வீடு பூட்டு" என்ற ஒற்றைக் குறியீட்டை நீக்கிவிட்டோம். யார் போனார், யார் சாவியை வைத்திருக்கிறார் என்று எழுத வேண்டும்.

தேடும் நேரத்தையும் மாற்றினோம். லயங்களுக்கு ஞாயிறு. கீழே இறங்கியவர்களுக்கு ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்கள். அப்போதுதான் ஜீப்புகள் நிறைய ஓடும், ஆள் சேர்க்கும் அக்காக்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். எடுப்பு முடிந்தபின் போனால் அதே பெண்கள் திராட்சைத் தோட்டத்துக்கும் நூறு நாள் வேலைக்குமாகச் சிதறியிருப்பார்கள்.

இரண்டாம் சுற்றின் பழைய பதிலை அழித்துத் திருத்தலாமா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் கூடாது என்றேன். "கணவர் வெளியூரில்" என்பது அன்றைக்கு மாமியார் முன்னால் ஒரு பெண் சொல்லக்கூடிய பதில். அதை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய பதிலையும் தேதியையும் சேர்த்தோம். ஆய்வுக்குப் புதியதை எடுத்துக்கொள்வது, பழையதை எதிர்காலத்தில் யார் நழுவக் கூடும் என்று கணிக்க வைத்துக்கொள்வது. இதே பதிலைச் சொன்ன மற்றப் பெண்களின் தாள்களையும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களில் பலருடைய கணவர்கள் நிஜமாகவே திருப்பூரில்தான் இருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கிளம்பும் முன் புதிய தொடர்பு அட்டையை நிரப்பினோம். சொந்த எண் என்ற இடத்தில் புதிய சிம், அவருடைய பெயரிலேயே வாங்கியது. பெண் பக்கத்து ஆள் என்ற இடத்தில் அம்மா பெயரைச் சொல்வார் என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா பயந்துக்கும். ஜீப்பு அக்கா நம்பரையே எழுதிக்கங்க" என்றார். கூப்பிட வேண்டிய நேரம்: ஞாயிறு மட்டும், பத்து மணிக்கு மேல்.